செய்தித்தாள் விரித்த பெட்டி

எங்கோஸ் பாயில் படுத்த நிலையிலேயே செத்துக் கிடந்தார். முகத்தில் வலியில்லை. இமைகள் பாதி மூடியிருந்தன. யாரோ அலுப்பூட்டும் கதையைச் சொல்ல, கேட்டுக்கொண்டே அசந்துவிட்ட ஆள் மாதிரி இருந்தார்.

அறையைச் சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகள். எல்லாவற்றிலும் பாம்பு. ஒன்றில் மட்டும் நீலநாக்கு அரணை. சுவரோரம் இருந்த ஒரு பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே எதுவும் இல்லை.

"வெலிங் பாம்போட பெட்டி மேடம்," என்றான் கான்ஸ்டபிள் மாமான், வாசற்படிக்கு வெளியே நின்றபடி. "நம்ம கட்டுவிரியன். அலமாரிக்கு அடியில சுருண்டு கெடக்கு. அதைப் புடிக்கிற வரைக்கும் நீங்களும் உள்ள போகாதீங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"உனக்குப் பொண்ணு இருந்தா நான் ஏன்டா போகக் கூடாது?" என்றாள் இன்ஸ்பெக்டர் நெந்தென்.

அவளுக்குக் கடைவாய்ப்பல் வலி. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. சிமாஹி நகரத்தில் ஒரு வாரமாக விடாத மழை. மழையென்றால் திருட்டு குறையும் என்பார்கள். அப்படி ஒன்றும் குறையவில்லை.

கொக்கியோடு உள்ளே போனவன் ருஸ்தண்டி. எங்கோஸோடு சேர்ந்து ஊரில் பாம்பு வளர்ப்போர் சங்கத்தைத் தொடங்கியவன். விடிந்ததும் எங்கோஸின் மனைவி இமாஸ் போன் செய்து வரவழைத்திருந்தாள். அவன் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து, கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அந்தப் பாம்பை மெல்ல இழுத்து, வெள்ளைத் துணிப்பைக்குள் விட்டு முடிச்சுப் போட்டான். பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

"அண்ணனை இதுவா கொல்லணும்? இதுவேயா?" என்றான்.

சுகாதார நிலையத்து டாக்டர் வந்து பார்த்தார். வலது கை நடுவிரல் நுனியில் இரண்டு புள்ளிகள். ஊசி குத்தினாற்போல. வீக்கமில்லை.

"கட்டுவிரியன் கடிச்சா வலிக்காது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். தூங்கப் போயிடுவாங்க. கொஞ்சங்கொஞ்சமா மூச்சு விடுற தசையெல்லாம் செயலிழந்து போகும். எழுந்திரிக்க மாட்டாங்க," என்றார் அவர்.

"எப்ப கடிச்சிருக்கும்?"

"படுத்தப்புறமும் இருக்கலாம். படுக்கறதுக்கு முன்னாடியும் இருக்கலாம்."

மாமான் நோட்டை மூடினான். "மூடி சரியா போடல. பாம்பு வெளிய வந்துச்சு. தூங்கினவரைக் கடிச்சுது. விபத்து. வெளிய ஆளுங்க குளிப்பாட்டத் தண்ணியோட நிக்கிறாங்க மேடம். மத்தியானத் தொழுகைக்குள்ள அடக்கம் பண்ணணுமாம். கையெழுத்துப் போட்டா நீங்க பல் டாக்டர்கிட்டப் போகலாம்."

ஆசை காட்டத் தெரிந்தவன்தான். நெந்தென் குனிந்து, செத்தவரின் கையைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமான கை. ஆனால் வலது கையின் நகங்களுக்கு அடியில் மட்டும் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. மண்ணில்லை. தேய்த்தால் நார் நாராக வந்தது.

தரையைப் பார்த்தாள். வெள்ளை டைல்ஸ். நேற்றுச் சாயங்காலம் துடைத்த பினாயில் வாசனை இன்னும் இருந்தது. ஒரு தூசியில்லை.

"பாம்பைப் பெட்டியில விட்டுட்டு அந்தப் பையைக் கொடுங்க," என்றாள் ருஸ்தண்டியிடம்.

அவன் விட்டான். பையை உதறாமல் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் உள்பக்கத்தை வெளியே புரட்டினாள். வெள்ளைத் துணியில் ஈரமான பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. அதே தூள்.

"இது என்ன?"

ருஸ்தண்டி மோந்து பார்த்தான். "தேங்காய் நார்த்தூள். அரணைப் பெட்டியில போட்டிருக்கே, அதுதான்."

"கட்டுவிரியன் பெட்டியில?"

"ஐயோ, இல்ல மேடம். விஷப் பாம்புக்கெல்லாம் இங்க பேப்பர்தான். அண்ணனோட சட்டம்."

நெந்தென் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். உண்மைதான். எல்லாவற்றிலும் பழைய செய்தித்தாள். அரணைக்கு மட்டும் ஒரு சாண் ஆழத்துக்கு நார்த்தூள். அரணைப் பெட்டியின் மூடி சாத்தி, கொக்கி மாட்டியிருந்தது.

சாத்திய பெட்டிக்குள் இருக்கும் தூள், வேறு பெட்டியில் வாழும் பாம்பின் மேல் எப்படி வந்தது?

"அடக்கத்துக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு," என்றாள் மாமானிடம்.

"மேடம், ஜனங்க கத்துவாங்க."

"கத்தட்டும். எனக்கு இருக்கிற வலியில கேக்காது."

* * *

இமாஸ் முன்வாசலில் சோற்றுப் பொட்டலம் விற்பவள். ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு. காலையில் வடித்த சோறு அப்படியே இருந்தது. வீணாய்ப் போகும் என்று வந்தவர்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கை மட்டும் ஓயவில்லை. நெந்தென் கையிலும் ஒன்றை வைத்தாள்.

"சாப்பிடுங்க மேடம். சோயா டெம்பே பொரிச்சது இருக்கு."

"பல்லு வலி அக்கா. அப்புறமா சாப்பிடறேன். அவரை எப்பப் பார்த்தீங்க?"

"விடியக்காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனேன். கதவைத் தட்டினேன். சத்தமில்ல. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா பெட்டி தொறந்து கெடக்கு. ஓடி வந்து ருஸ்தண்டிக்குப் போன் பண்ணினேன்."

"உள்ள போகலையா?"

"நானா? அந்த ரூமுக்குள்ள நான் கால் வெக்க மாட்டேன். பாம்புன்னா எனக்கு ஒடம்பே நடுங்கும். சாப்பாட்டையே வாசல்ல வெச்சுட்டு வந்துடுவேன்."

"ராத்திரி வேற யாராவது வந்தாங்களா?"

"இல்ல. கேட்டை நான்தான் பூட்டினேன். காலைல ருஸ்தண்டிக்கு நான்தான் தொறந்தேன்."

"நேத்து அவர் என்னெல்லாம் பண்ணினார்?"

"ஒரு பள்ளிக்கூடத்துல பேசிட்டு வந்தாரு. கட்டுவிரியனையும் கண்ணாடி டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போயிருந்தாரு. வந்து அதை அதோட பெட்டியில விட்டுட்டு, அரணைக்கு நார்த்தூள் போட்டாரு. அதோட வெளையாடினாரு. சாப்பிட்டாரு. படுத்துட்டாரு."

"நார்த்தூளை அவரேதான் போட்டாரா?"

"வேற யாரு போடுவா?"

நெந்தென் தலையாட்டினாள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே ருஸ்தண்டியைத் தேடிப் போனாள். அவன் மழைச்சாரலில் சிகரெட்டைப் பற்ற வைக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தான்.

"நார்த்தூள் யார் கொடுத்தது?"

"நான்தான். போன வாரம். அரணைக்கு விரல்ல தோல் சரியா உரியல. பேப்பர் ரொம்பக் காய்ஞ்சு கெடக்கு, கொஞ்சம் ஈரமா தூள் போடுங்க, அது புதைஞ்சு கெடக்கும்னு சொன்னேன். அண்ணன் திட்டினாரு. 'விரிப்புன்னா வளர்க்கிறவனுக்கு வசதியா இருக்கணும்டா. பேப்பர்ல எது எங்க இருக்குன்னு ஒரு பார்வையில தெரியும். அழுக்கானா சுருட்டிப் போடலாம். தூளுக்குள்ள எது கெடக்குன்னு எவனுக்குத் தெரியும்'னாரு. மூட்டையைப் பிரிக்கவே இல்ல. நேத்து எப்படி மனசு மாறினாருன்னு தெரியல."

"எப்பவுமே பேப்பர்தானா?"

ருஸ்தண்டி பற்றாத சிகரெட்டைக் காதில் செருகினான். "இல்ல. ஆறு வருஷம் முன்ன வரைக்கும் காய்ஞ்ச இலை. காடு மாதிரியே பண்ணி வெப்பாரு. போட்டோ எடுக்க ஊர் ஊரா வருவாங்க. அப்புறம்தான் கிலார் போனான். அவங்க பையன். பதினஞ்சு வயசு. கட்டுவிரியன் பெட்டியில தண்ணி மாத்தக் கை விட்டான். இலைக்கு அடியில கெடந்தது கடிச்சிருச்சு. வலிக்கலைன்னு யார்கிட்டயும் சொல்லல. படுத்தான். அவ்வளவுதான்."

நெந்தெனுக்குப் பல் வலி ஒரு கணம் மறந்து போனது. "எந்தக் கட்டுவிரியன்?"

"இதேதான் மேடம். அண்ணன் அதைக் கொல்லல. வளர்த்தாரு. ஞாயித்துக்கிழமை, பள்ளிக்கூடம், திருவிழான்னு எங்க கூப்பிட்டாலும் டப்பாவுல எடுத்துட்டுப் போவாரு. இதுதான் என் மகனைக் கொன்னுதுன்னு சொல்லி, ஜாக்கிரதையா இருங்கன்னு பேசுவாரு. கேக்கிறவங்க அழுவாங்க. நல்லாப் பேசுவாரு. அதைக் கேட்டுப் பொழைச்ச பசங்களே இருக்காங்க."

மாமான் நெந்தெனை ஓரமாக இழுத்தான். "மேடம், இவன்தான். தூள் இவன் கொடுத்தது. பாம்பைத் தொடத் தெரிஞ்சவனும் இவன்தான்."

"கேட் பூட்டியிருந்துச்சே. பாம்பு தரைக்கு வந்ததுக்கப்புறம்தானே இவன் உள்ள வந்தான்."

"அப்ப விபத்துதானே?"

"அரணையை வெளிய எடுக்கச் சொல்லு."

ருஸ்தண்டி தூளுக்குள் கையை விட்டுத் துழாவி, முழங்கை நீளத்தில் கொழுத்த அரணையைத் தூக்கினான். அது அலுத்துக்கொண்டு நாக்கை நீட்டியது. நீலமான நாக்கு. நெந்தென் அதன் வயிற்றைத் திருப்பச் சொன்னாள். ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டாள். வெளிர் மஞ்சள் வயிற்றில் கருப்பாக மை. உற்றுப் பார்த்தால் தலைகீழாக இரண்டு எழுத்துகூடத் தெரிந்தது.

"ராத்திரி பூரா ஈரத் தூளுக்குள்ள புதைஞ்சு கெடந்திருந்தா இந்த மை அழிஞ்சிருக்கும். ராத்திரி இது தூளுக்குள்ள இல்ல. எங்கேயோ பேப்பர்ல கெடந்திருக்கு. பாம்புதான் தூளுக்குள்ள கெடந்திருக்கு," என்றாள் நெந்தென்.

மாமான் மூடிய நோட்டை மறுபடி திறந்தான்.

அவள் கட்டுவிரியன் பெட்டியிலிருந்த தாளைக் கண்ணாடி வழியே மறுபடி பார்த்தாள். இப்போது விட்ட பாம்பு ஒரு மூலையில் கிடந்தது. மற்ற இடமெல்லாம் மொடமொடப்பாக, ஒரு கசங்கலோ ஈரமோ இல்லாமல் இருந்தது. பள்ளிக்கூடம் போய்வந்த பாம்பு இந்தத் தாளில் நேற்று படுக்கவேயில்லை.

பெட்டியின் முன்பக்கச் சட்டத்தில் அவள் விரல் எதிலோ இடறியது. சிறிய ரப்பர்த் துண்டுகள். இந்தப் பெட்டியில் மூன்று, அடுத்ததில் நான்கு. அரணைப் பெட்டியில் ஒன்றே ஒன்று.

"இது எதுக்கு?"

"அழகுக்குன்னு நெனச்சேன்," என்றான் ருஸ்தண்டி.

நெந்தென் செத்தவரின் போனை எடுத்து அழுத்தினாள். ஓர் எண்ணே திரை முழுவதையும் அடைத்தது. அறையில் விளக்குகளும் அளவுக்கு மீறி இருந்தன. கல்யாண மண்டபம் மாதிரி.

"உங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன மேடம் சொல்றீங்க? அவரு எல்லாத்தையும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "சர்க்கரை இருந்துச்சு. ரெண்டு வருஷமா எங்க முன்னால பெட்டியைத் தொறந்தே நான் பார்க்கல. கூட்டத்துக்கும் பூட்டின டப்பாவைத்தான் எடுத்துட்டு வருவாரு."

"அப்ப இத்தனை பெட்டிக்கும் பேப்பர் மாத்தினது யாரு?"

நெந்தென் கட்டுவிரியனைக் கொண்டுபோகும் காலி டப்பாவையும் பழைய தாளையும் அவன் பக்கம் தள்ளினாள். "எனக்காக ஒரு தடவை விரிச்சுக் காட்டுங்க."

அவன் இரண்டு தாளைப் போட்டு, கையால் தேய்த்து விட்டான். அவ்வளவுதான். ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது.

இந்த அறைப் பெட்டிகளில் அப்படி இல்லை. பாம்பு தாளுக்கு அடியில் நுழைய முடியாதபடி, ஒவ்வொரு மூலையும் இரண்டு முறை மடித்து, நுனி உள்ளே செருகியிருந்தது. எல்லாப் பெட்டியிலும் அதே மடிப்பு. நெந்தென் கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்தாள். நூலில்லை. ரப்பர் பேண்டில்லை. இரண்டு மடிப்பு, நுனி உள்ளே.

கண்டுபிடித்த மகிழ்ச்சி வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல் மட்டும் இருந்தது.

* * *

அடுப்படியில் இமாஸ் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நெந்தென் கதவருகே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். மாமான் வெளியே நின்றான்.

"அக்கா, அந்த ரூமுக்குள்ள கால் வெக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"எல்லாப் பெட்டியிலயும் உங்க பொட்டலத்து மடிப்பு இருக்கு."

தேய்க்கும் சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

"அவரு என்கிட்டக் கத்துக்கிட்டிருப்பாரு."

"கண்ணு தெரியாதவரா? நாகப்பாம்புப் பெட்டிக்குள்ள கைய விட்டு மூலை மடிச்சாரா?"

இமாஸ் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். கையைக் கைலியில் துடைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள். அந்த உட்காரலில், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த ஆளின் களைப்பு தெரிந்தது.

"ரெண்டு வருஷமா நான்தான் பண்றேன்," என்றாள். "கொக்கி பிடிக்க அவருதான் சொல்லிக் கொடுத்தாரு. வெளிய சொல்லிடாதேன்னாரு. குருடன்னு தெரிஞ்சா எவன் பேசக் கூப்பிடுவான்? வெள்ளைப் பேப்பர்ல கருப்பா அசைஞ்சா மட்டும் அவருக்கு நிழல் மாதிரி தெரியும். அதனாலதான் பேப்பர் பேப்பர்னு உயிரை விட்டாரு. அரணைதான் அவரு பயமில்லாமத் தொடறது. தெனம் சாயங்காலம் அதை எடுத்து மடியில வெச்சுக்குவாரு."

"நேத்து அது தூளுக்குள்ள இல்ல."

"இல்ல. பேப்பர்ல சுத்தி இங்க அட்டைப்பெட்டியில வெச்சிருந்தேன். பள்ளிக்கூடத்துல இருந்து வந்து, 'இவனைப் படுக்க வை'ன்னு டப்பாவைக் கொடுத்தாரு. கட்டுவிரியனை அவன் இவன்னுதான் சொல்வாரு, பையன் மாதிரி. நான் தூள்ல விட்டேன். 'ருஸ்தண்டி கொடுத்ததைப் போட்டுட்டேன், அரணை அடியில புதைஞ்சிருக்கு, துழாவி எடுங்க'ன்னேன். மொதல்ல திட்டினாரு. அப்புறம் கைய விட்டாரு."

"கடிச்சது தெரிஞ்சுதா அவருக்கு?"

"'அட, இவன் என்னையே கடிக்கிறான்'னு சிரிச்சாரு. அரணைன்னு நெனச்சாரு. மூடியைப் போட்டுட்டு, 'வேண்டாம், இன்னைக்குக் கோவமா இருக்கான்'னு வந்து சாப்பிட்டாரு. ரெண்டாவது தடவை சோறு கேட்டாரு."

மழை ஓட்டில் ஒரே சீராகப் பெய்தது.

"ஆஸ்பத்திரி பக்கத்துலதானே அக்கா இருக்கு?"

"தெரியும். சொல்லிடலாம்னு எழுந்தேன். உக்காந்தேன். திரும்ப எழுந்தேன். அவரு படுத்துக்கிட்டே, பள்ளிக்கூடத்துல எவ்வளவு பேரு அழுதாங்கன்னு சொல்லிட்டிருந்தாரு. நாக்கு கொஞ்சம் கொழறிச்சு. அப்பவும் அதையேதான் சொன்னாரு. நான் உக்காந்துட்டேன்."

"விடியக்காலைல பாம்பை எடுத்துத் தரையில விட்டீங்க. அரணையைத் திரும்பப் போட்டீங்க."

"ஆமா. கட்டுவிரியன் பெட்டிக்குப் புதுப் பேப்பரும் போட்டேன். பழக்கம். தெனம் காலைல முதல் வேலை அதுதானே."

நெந்தென் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். "பாம்பை வெச்சிருந்தாருன்னு கோவமா?"

"பாம்பு என்ன பண்ணும் மேடம், பாவம். அது மேல எனக்கு ஒண்ணுமில்ல. நான்தான் அதுக்குத் தண்ணி வெச்சேன்." இமாஸின் குரல் முதல்முறையாக உடைந்தது. "என் பையன் அஜாக்கிரதையா இருந்தான்னு சொல்வாரு. ஒவ்வொரு மேடையிலயும். 'பார்க்காமக் கைய விட்டான், நீங்க அப்படிப் பண்ணாதீங்க'ன்னு. அவன் பார்த்தான் மேடம். பார்த்துட்டுத்தான் விட்டான். இலை போட்டிருந்தா எப்படித் தெரியும்? போட்டோவுக்கு அழகா இருக்கணும்னு அத்தனை இலையை அள்ளிக் கொட்டினது யாரு? அதை மட்டும் சொல்லவே மாட்டாரு. 'ஒரு தடவை சொல்லுங்க, தப்பு உங்களோடதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க, அப்புறம் எங்க வேணா போய்ப் பேசுங்க'ன்னு கேட்டேன். 'அப்படிச் சொன்னா ஜனங்க கேக்க மாட்டாங்க'ன்னாரு."

வெளியே யாரோ மாமானிடம் சத்தம் போட்டார்கள். எவ்வளவு நேரம் காக்க வைப்பீர்கள் என்றார்கள். மாமான் அடங்கிய குரலில் ஏதோ சொன்னான்.

"அவருக்குத் தெரியணும்னு நெனச்சேன்," என்றாள் இமாஸ். "தூளுக்குள்ள கைய விட்டா எப்படி இருக்கும்னு. ஆனா அவருக்குத் தெரியாமலே போயிட்டாரு. நான்தான் உக்காந்து பார்த்துட்டிருந்தேன்."

நெந்தென் எழுந்தாள். முழங்காலும் வலித்தது. "கெளம்பலாம் அக்கா. முகத்தைப் பார்க்கணும்னா பார்த்துட்டு வாங்க."

"ராத்திரி பூரா பார்த்தாச்சு." இமாஸ் எழவில்லை. "இதையெல்லாம் அங்க வந்து திரும்பவும் சொல்லணுமா?"

"சொல்லணும். முதல்ல ஸ்டேஷன்ல. அப்புறம் வக்கீல் கேப்பாரு, நீதிபதி கேப்பாரு."

"கிலார் செத்ததையும்?"

"அதையும்தான். அங்க இருந்துதானே ஆரம்பிக்குது."

இமாஸ் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். "அதை இனிமே யாரும் மேடை போட்டுச் சொல்லக் கூடாதுன்னுதான் மேடம் இவ்வளவும்," என்றாள். நெந்தென் அவசரப்படுத்தவில்லை. மாமானைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டு, நோட்டைத் திறக்கச் சொன்னாள்.

"சரி, எழுதிக்கோங்க," என்றாள் இமாஸ் கண்ணைத் திறந்து. "அவரு எப்பவும் பாம்புல இருந்து ஆரம்பிப்பாரு. நான் பையன்ல இருந்து சொல்றேன். கிலாருக்குக் காலைல எழுந்திரிக்கவே பிடிக்காது. அவனை எழுப்புறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடும்."